கூரைக்காரர் குழந்தைசாமியும் மூன்றாம் நபரும்

குழந்தைசாமி என்று பெயர் வைத்த புண்ணியவான்கள், ஐம்பதை நெருங்கும் வயதில் அவரைப் பார்த்திருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள். ஆறடிக்கு ஒரு விரல்கடை குறைவான ஆள். மேலுதட்டை முழுசாக மூடிய மீசை. குரலோ, மலையடிவாரத்துக் காரவள்ளியில் நின்று பேசினால் எழுபது வளைவும் ஏறிப் போய்ச் சோளக்காட்டுச் சந்தையில் கேட்கும் என்று அவரிடம் வேலை பார்க்கும் நாலு பேரும் சொல்வார்கள். அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுதான் சொல்வார்கள்.

காரவள்ளியில் அவருக்கு இரண்டு ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும் உண்டு. ஆனால் விதைத்துவிட்டு நாலு மாதம் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரும் பொறுமை கிடையாது. அதற்கு வானத்துக்குக் கொஞ்சம் பக்கத்திலேயே போய் வேலை செய்யலாமே என்று இருபத்தேழு வயதில் வெல்டிங் கற்றுக்கொண்டு, கூரை போடும் தொழிலில் இறங்கிவிட்டார். தோட்டத்தைத் தம்பி பார்த்துக்கொண்டார். இவர் இரும்புக் குழாயை வெட்டி, ஒட்டவைத்து, மேலே கலர் ஷீட்டுப் போட்டு, முகட்டுக்குத் தகடு வைத்து, 'இனி மழை வந்தா வரட்டும்' என்று சொல்லிவிட்டு இறங்குவார். கொல்லிமலையில் பல ஊர் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அவர் கூரை இல்லாத நாடு கிடையாது. அரியூர் நாட்டில் இருக்கிறது, குண்டனி நாட்டில் இருக்கிறது, பஸ் போகாத ஊரிலும் இருக்கிறது.

மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இந்த நீலத் தகரத்தையும் பச்சைத் தகரத்தையும் பார்த்து, 'அந்தக் காலத்து அழகே போச்சு' என்று உச்சுக் கொட்டுவார்கள். அவர்களுக்கென்ன, சாயங்காலம் கார் ஏறிவிடுவார்கள். ஓட்டு மேல் குரங்கு குதித்து, உடைந்த இடத்துக்கு நேர் கீழே சோற்றுப் பானையை நகர்த்தி நகர்த்திச் சமைத்தவளிடம் கேட்டுப் பார்க்க வேண்டும், அழகு எப்போது வந்தது என்று.

குழந்தைசாமிக்கு ஒரு பெருமை உண்டு. பெருமை என்றால் சாதாரணப் பெருமை இல்லை, பெயிண்ட் அடித்து வைத்த பெருமை. அவருடைய குட்டியானை வண்டியின் பின்பக்கம் 'விபத்தில்லா மேற்கூரைப் பணியில் 22 ஆண்டுகள்' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் ஆளைக் கூப்பிட்டு எண்ணை மட்டும் மாற்றுவார். வேலை கேட்டு வருகிறவரிடம் விலை சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்வார்: "நம்ம வேலையில இதுவரைக்கும் ஒரு ஸ்க்ரூ கூட ஒருத்தர் மேல விழுந்ததில்லீங்க."

அது பொய்யும் இல்லை. அதற்குக் காரணம் அவர் வைத்திருந்த இரண்டு சட்டங்கள். முதலாவது, அவருடைய நாலு ஆட்களுக்கு. காற்று ஷீட்டைத் தூக்கினால் உடனே கையை விட்டுவிட வேண்டும். பதினாலடி ஷீட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் யானையாலும் பிடிக்க முடியாது. 'ஷீட்டுப் போனா வேற ஷீட்டு, நீ போனா உங்கொப்பனுக்கு நான் என்ன பதில் சொல்றது?' என்று புதிதாய்ச் சேருகிறவனுக்கு முதல் நாளே மூன்று முறை சொல்லிவிடுவார்.

இரண்டாவது சட்டம் ஊர்க்காரர்களுக்கு. மலையில் ஒரு வீட்டுக்குக் கூரை ஏறுகிறது என்றால் வீட்டுக்கு ஒருவர் ஒத்தாசைக்கு வந்துவிடுவார்கள். லாரி ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து வயல் வரப்பிலும் மரவள்ளி விளைகிற கப்பைக்காட்டிலுமாக இரண்டிரண்டு பேர் ஷீட்டைத் தலையில் வைத்துச் சுமந்து வருவார்கள். கூலி கிடையாது. கேட்பதும் கிடையாது, கொடுத்தால் கோபம் வரும். மத்தியானம் கோழிக்குழம்பும் சோறும், அவ்வளவுதான். நாளைக்கு அவர்கள் வீட்டுக்குக் கூரை ஏறும்போது இந்த வீட்டுக்காரர் போவார். குழந்தைசாமிக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் காலையில் வேலை தொடங்கும்போதே சத்தமாகச் சொல்லிவிடுவார்: "ஒத்தாசைக்கு வந்தவிய கால் தரையை உடக் கூடாது. மேல எங்க ஆளுக மட்டுந்தான்."

இப்படிப்பட்ட மனிதரிடம் போய் இன்சூரன்ஸ் எடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

போன சித்திரையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல் கூடத்துக்குக் கூரை மாற்றும் டெண்டர் வந்தது. காகிதங்களோடு ஆபீசுக்குப் போனார். இன்ஜினியரம்மா எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "இன்சூரன்ஸ் நகல் எங்கங்க?" என்றார்.

"வண்டியில இருக்குதுங்க, எடுத்துட்டு வாரேன்."

"வண்டிக்கு எடுத்ததில்லைங்க. உங்க தொழிலுக்கு எடுத்தது. அது இல்லாம டெண்டர் வாங்கக் கூடாது."

குழந்தைசாமிக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினார். "மேலயிருந்து கீழ உழுகறவனுக்குத்தான் பாலிசி. இருபத்திரண்டு வருசமா உழுகாதவனுக்கு எதுக்குங்கறேன்?"

அவர் மனைவி தாமரைச்செல்வி பிளஸ் டூ படித்தவர். டெண்டர் காகிதம், வண்டிக் காகிதம், ரேஷன் கார்டு வரைக்கும் வீட்டிலுள்ள காகிதம் அத்தனைக்கும் அவர்தான் அதிகாரி. அரிசி புடைத்துக்கொண்டே, "கத்தி முடிச்சதும் சொல்லுங்க, ஏஜெண்டுக்குப் போன் பண்ணோணும்" என்றார்.

ஏஜெண்ட் கார்த்தி மறுநாளே சேந்தமங்கலத்திலிருந்து பைக்கில் வந்துவிட்டான். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, மடியில் படிவத்தை விரித்துக்கொண்டான். கேள்வி மேல் கேள்வி. குழந்தைசாமிக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு குற்றச்சாட்டாகப் பட்டது.

"உயரமான இடத்துல வேலை செய்வீங்களாங்க?"

"இல்லீங்க தம்பி. கூரையைத் தரையில போட்டுட்டு, ஊட்டைத் தூக்கி அதுக்கடியில தள்ளி உட்டுருவேன்."

கார்த்தி சிரிக்கவில்லை. 'ஆம்' என்று எழுதிக்கொண்டான். பிறகு பொறுமையாக விளக்கினான். பாலிசி இரண்டு விதம். கூலிக்கு வேலை செய்யும் நாலு பேருக்கு அடிபட்டால் ஒன்று. வெளியாளுக்கு அடிபட்டால் இன்னொன்று. அதற்கு மூன்றாம் நபர் பாலிசி என்று பெயர்.

"மூணாவது ஆளா? அது யாருப்பா எங்களுக்குள்ள?"

"பாலிசி எடுக்கற நீங்க மொத ஆளு. கம்பெனி ரெண்டாவது. உங்க கூலியாளுங்களை உட்டுட்டு ஒலகத்துல மத்தவங்க அத்தனை பேரும் மூணாவதுங்க. ஊட்டுக்காரங்க, ரோட்டுல போறவங்க, வேடிக்கை பாக்கறவங்க எல்லாரும்."

"அவங்க ஆடு?"

"ஆடு சொத்துங்க. அது மேல ஷீட்டு உழுந்தாலும் இதுலயே வரும்."

குழந்தைசாமிக்குக் கொஞ்சம் சுவாரசியம் வந்துவிட்டது. "செரி, எப்பக் குடுப்பீங்க?"

"உங்க வேலையில, உங்க தப்பால ஒருத்தருக்கு அடிபட்டு, நீங்க நஷ்டஈடு குடுக்கற மாதிரி ஆச்சுன்னா, உங்களுக்குப் பதிலாக் கம்பெனி குடுக்கும்."

"என் தப்பால?"

"ஆமாங்க. உங்க மேல தப்பில்லைன்னா கம்பெனி எதுக்குங்க குடுக்கோணும்?"

"அப்ப அது நமக்கு வேண்டாம். எங்கிட்டத் தப்புக் கெடையாது."

புடைத்த அரிசியோடு வெளியே வந்த தாமரைச்செல்வி, "அதையும் சேத்து எழுதிக்க கண்ணு. தப்பே பண்ணாத மனுசனை நானும் இன்னும் பாத்ததில்லை" என்றார்.

எழுதியாயிற்று. கையெழுத்தும் போட்டாயிற்று. டெண்டர் வேறொருவருக்குப் போய்விட்டது. வேலை கிடைக்காமல் பாலிசி மட்டும் கையில் நின்றதில் குழந்தைசாமிக்கு ஏகக் கடுப்பு. கல்யாணம் நின்று போன வீட்டில் பந்தல் மட்டும் நிற்கிற மாதிரி அந்த உறை பீரோவுக்குள் கிடந்தது.

கார்த்திகை மாதக் கடைசியில் அரியூர் நாட்டில் ராசப்பன் வீட்டு வேலை வந்தது. நல்ல வீடு, பக்கத்தில் வயல், நாலு பலாமரம். ராசப்பனின் தங்கை ஆத்தாயி அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார். ஆத்தாயியின் வீட்டுக்காரர் அர்த்தனாரி. மச்சான் வீட்டுக்குக் கூரை ஏறும்போது சும்மா இருப்பாரா? பொழுது விடியும் முன்பே வந்து ஷீட்டுச் சுமக்க நின்றுவிட்டார். நாற்பத்திரண்டு வயது. ஒல்லி உடம்பு, அதிகம் பேசாத வாய். நூற்றைம்பது மரத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார். தை பிறந்தால் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்துக்கொண்டு அத்தனை மரத்திலும் ஏறிப் பறிப்பதும் அவரேதான்.

குழந்தைசாமிக்கு அன்று ஒரு ஆள் குறைவு. நாலு பேரில் ஒருவன் ஐயப்பனுக்கு மாலை போட்டுப் போய்விட்டான். இருந்தாலும் வேலை ஓடியது. பின்மத்தியானம் மூன்றே மூன்று ஷீட்டு பாக்கி. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள்ளே ராசப்பனின் நெல்மூட்டைகள் அடுக்கியிருந்தன. இரண்டு ஆட்கள் முகட்டுக்கு அந்தப் பக்கம் டிரில்லை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவன் ஸ்க்ரூ எடுக்க வண்டிக்குப் போயிருந்தான். ஒத்தாசைக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் பின்னால் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஜெனரேட்டர் போட்ட கூச்சலில் எதிரில் நிற்கிறவன் பேசினாலே கேட்காது.

கீழே கை கழுவப் போய்க்கொண்டிருந்த அர்த்தனாரி ஒருவர்தான் கண்ணில் பட்டார். குழந்தைசாமி கூரை விளிம்பிலிருந்து குனிந்து கையைக் காட்டினார்.

"ஏப்பா அர்த்தனாரி, மேல வந்து அந்த மொனையை ஒரு நிமிசம் புடி."

அவ்வளவுதான் சொன்னார். மரம் ஏறுகிற ஆள், பத்தடிக் கூரை என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்துவிட்டார். காலையில் ஊர் கேட்கச் சொன்ன சட்டத்தைத் தானே உடைத்துவிட்டோம் என்பது அப்போது அவர் மண்டையில் ஏறவில்லை. இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டு எடுத்துக் கொடுக்கவில்லை. காற்று வந்தால் கையை விட்டுவிடு என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

அர்த்தனாரி ஏறினார், முனையைப் பிடித்தார், காற்று வந்தது. குழந்தைசாமி பழக்கத்தில் சட்டென்று கையை விட்டுவிட்டார். அர்த்தனாரி விடவில்லை. அது மச்சான் வீட்டு ஷீட்டு. மச்சான் மிளகு விற்று வாங்கியது. அதைக் காற்றோடு போக விடுவதற்கு அவருக்கு மனசு வராது. ஷீட்டோடு சேர்ந்து அவரும் போனார். ஷீட்டு கப்பைக்காட்டில் போய் விழுந்தது, அவர் துணி துவைக்கிற கல்லின் மேல் விழுந்தார்.

குழந்தைசாமி ஏணியில் எத்தனை படி மிதித்தார் என்று அவருக்கே தெரியாது. பக்கத்தில் போய் மண்டியிட்டபோது அர்த்தனாரியின் வலது கால், முட்டிக்குக் கீழே மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. முகம் வெளுத்துவிட்டது. அந்த நிலையிலும் அவர் கேட்டது, "ஷீட்டு வளைஞ்சிருச்சுங்களா?" என்றுதான்.

"ஷீட்டு கெடக்குது உடு! நான் கூப்பிட்டிருக்கக் கூடாதுப்பா."

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க மேஸ்திரி. நானாத்தான் ஏறினேன்னு சொல்லிக்கறேன். கேசு கீசுன்னு ஆச்சுன்னா உங்க பொழப்பு போயிரும்."

அதற்குள் சோற்றுக் கையோடு எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். ராசப்பன் பதறினார். "யாரு மாப்ள உன்னை மேல ஏறச் சொன்னது?"

"நானாத்தான் ஏறினேன் மச்சான். மேல என்ன இருக்குதுன்னு பாக்கலாம்னு."

எல்லாரும் குழந்தைசாமியைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் போய் வண்டியை எடுத்தார்.

நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு எழுபது வளைவும் இறங்கினார்கள். பின்னால் பாய் விரித்து அர்த்தனாரியைப் படுக்கவைத்து, ஆத்தாயி தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். பயம் வந்தால் சிலர் அழுவார்கள், ஆத்தாயிக்குத் திட்டத்தான் வரும். "அறிவு இருக்குதா உனக்கு? மேல என்ன இருக்கும்? மேல வானம் இருக்கும்! அதைக் கீழிருந்து பாத்தா ஆகாதா?" வளைவுக்கு ஒரு திட்டு. அத்தனையையும் வண்டி ஓட்டிக்கொண்டே குழந்தைசாமி கேட்டார். அர்த்தனாரி எதற்கும் பதில் சொல்லவில்லை. கடைசி வளைவு வரைக்கும் இவரும் சொல்லவில்லை.

காலில் தகடு வைத்தார்கள். அரசு ஆஸ்பத்திரிதான், வைத்தியத்துக்குக் குறையில்லை. ஆனால் மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் என்றால் தையும் மாசியும் போய்விடும், மிளகுப் பறிப்பு முழுக்கப் போய்விடும். பங்குக்கு ஆள் விட்டால் பாதி அவர்களுக்கு. மீதிப் பாதியில் வருஷத்தை ஓட்ட வேண்டும். கல்லூரியில் படிக்கும் மகள் கௌசிகாவுக்கு அதிலேதான் பணம் கட்ட வேண்டும்.

காரவள்ளியில் தாமரைச்செல்வி எல்லாவற்றையும் விசாரித்தார். "அவனாத்தான் ஏறிட்டான்" என்று குழந்தைசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நம்ம ஆளு ஒருத்தன் லீவு. ரெண்டு பேர் அந்தப் பக்கம். ஒருத்தன் வண்டிகிட்ட. அப்ப ஷீட்டோட அடுத்த மொனையை யாரு புடிக்கறதா இருந்துச்சு?"

குழந்தைசாமி சட்டையைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தாமரைச்செல்வி அதற்கு மேல் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து பாலிசி உறையை எடுத்துக்கொண்டு கார்த்திக்குப் போன் பண்ணினார்.

அங்கே ஊரில் அர்த்தனாரியின் கதை வேறு விதமாக வளர்ந்துகொண்டிருந்தது. பலாமரத்து டீக்கடையில் அதுதான் பேச்சு. சொந்த மச்சான் ராசப்பனே, "எங்க மாப்ள மேல என்ன இருக்குதுன்னு பாக்கப் போனாருங்க. பாத்துட்டாரு" என்று ஆரம்பித்துவைப்பார். கடையே சிரிக்கும். சின்னப் பிள்ளைகள்கூட அர்த்தனாரி வீட்டு வாசலில் நின்று, 'மாமா, மேல என்ன இருந்துச்சு?' என்று கேட்டுவிட்டு ஓடின. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, மாமன் மச்சான் கேலிதான். ஆனால் காலைக் கட்டிலில் தூக்கி வைத்துக்கொண்டு கிடக்கிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. மிச்சமிருந்த ஷீட்டுகளை முடிக்கப் போன அன்று குழந்தைசாமியும் அந்தக் கடையில் டீ குடித்தார். ராசப்பன் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். இருபத்திரண்டு வருஷப் பெருமையை இன்னொருவனுடைய முட்டாள் பட்டத்தின் மேல் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் இருந்தது. அதனாலேயே உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மார்கழி முடியும்போது இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். சசிதரன் என்று பெயர், சேலத்துக்காரர். குழந்தைசாமிதான் வண்டியில் அழைத்துப் போனார். முப்பதாவது வளைவில் சர்வேயர் ஜன்னல் பக்கம் சாய்ந்தார். ஐம்பதாவதில் வண்டியை நிறுத்தச் சொன்னார். அர்த்தனாரி வீட்டு முற்றத்தில் இறங்கும்போது கேள்வி கேட்கிற நிலையிலேயே இல்லை. ஆத்தாயி உப்புப் போட்டு எலுமிச்சைச் சாறு கொடுத்து, அரைமணி நேரம் உட்காரவைத்த பிறகுதான் பையிலிருந்து பேனா வெளியே வந்தது.

அர்த்தனாரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுப்போட்ட கால் தலையணை மேல். பேனாவைப் பார்த்ததுமே அவர் முகம் இறுகிவிட்டது. போலீஸ் விசாரணை என்றே நினைத்துவிட்டார்.

"அன்னைக்குக் கூலி எவ்வளவு பேசினாங்க?" என்று சசிதரன் கேட்டார்.

"மச்சான் ஊட்டு வேலைக்குக் கூலிங்களா?" அர்த்தனாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்படி வாங்கித் திங்கற ஆளு நானில்லீங்க."

"கோச்சுக்காதீங்க. அப்ப நீங்க வெளியாளு. மூணாவது நபர் பாலிசிதான் பாக்கணும்." எழுதிக்கொண்டார். "மேல எப்படி ஏறினீங்க? யாராவது ஏறச் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லலீங்க. நானாத்தான் ஏறினேன்."

"மேஸ்திரி கூப்பிடலையா?"

"அவரு காலையிலயே சொல்லிட்டாருங்க, மேல வரக் கூடாதுன்னு. அவரு மேல துளி தப்பில்லீங்க. நல்ல மனுசன்."

சசிதரன் பேனாவை மூடினார். மூடிவிட்டு, ஆத்தாயியைப் பார்த்து, கொஞ்சம் சங்கடமாகவே சொன்னார். "அம்மா, இந்தப் பாலிசி எப்படின்னா, மேஸ்திரி தப்பால அடிபட்டிருந்தாத்தான் அவருக்காகக் கம்பெனி கொடுக்கும். வேண்டாம்னு சொல்லியும் இவரா ஏறி விழுந்தார்னா அவர் மேல பொறுப்பில்லை. பொறுப்பில்லைன்னா பணமும் இல்லைம்மா."

"ஒண்ணுமே வராதுங்களா?"

"வராதும்மா."

ஆத்தாயி புருஷனைப் பார்த்தார். திட்டக்கூட இல்லை. அந்த வீட்டில் ஆத்தாயி திட்டாமல் இருந்தது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. அர்த்தனாரி காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்ட மனிதனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தன் வாயாலேயே தன் வருஷத்தை வெட்டிப் போட்டுவிட்டார். தெரியாமல் செய்தார் என்று சொல்வதற்கும் இல்லை. இப்போது சர்வேயர் தெளிவாகவே சொல்லிவிட்டார். அப்போதும் அவர் சொன்னதை மாற்றவில்லை.

வாசல்படியில் உட்கார்ந்திருந்த குழந்தைசாமி எழுந்து நின்றார்.

"ஏனுங்க, மூடின பேனாவைத் தொறங்க."

சசிதரன் திரும்பிப் பார்த்தார்.

"நான்தானுங்க கூப்பிட்டேன். ஆளு கொறைவு, மழை வாரதுக்குள்ள முடிச்சிரலாம்னு நான்தான் மேல வரச் சொன்னேன். பெல்ட்டுக் குடுக்கலை. காத்து வந்தா கையை உட்ருன்னு எங்க ஆளுகளுக்கு மூணு தடவை சொல்லுவேன். இவனுக்கு ஒருக்காக்கூடச் சொல்லலை. தப்பு எம் மேலதானுங்க."

"வேண்டாம் மேஸ்திரி" என்று அர்த்தனாரி முனகினார்.

"நீ சும்மா இருப்பா."

சசிதரன் பேனாவைத் திறந்தார். "இது ரிப்போர்ட்டுல போகும்ங்க. அடுத்த வருஷம் உங்க பிரீமியம் ஏறும். பயிற்சியில்லாத ஆளைப் பெல்ட்டு இல்லாம ஏத்தினதுக்குக் கம்பெனி ஆபீசுல நாலு கேள்வி கேப்பாங்க. தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

"கேக்கட்டுங்க."

சர்வேயர் பக்கம் பக்கமாக எழுதினார், படித்துக் காட்டினார், இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். பணம் வந்துவிடும், எவ்வளவு என்று கம்பெனிதான் சொல்லும், பறிப்புக்கு ஆள் வைக்கிற செலவையும் கேட்டு எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வளைவுகளை நினைத்தோ என்னவோ, வண்டியில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார்.

பாரத்தை இறக்கி வைத்தாயிற்று என்று குழந்தைசாமி நினைத்தார். ஆத்தாயி ஒரு கும்பிடு போடுவார், 'நல்லா இருப்பீங்க சாமி' என்பார் என்றுகூட மனசின் ஒரு மூலையில் எதிர்பார்த்தார். மனுஷர்தானே.

ஆத்தாயி வாசலில் வந்து நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"இந்த மனுசனை நான் எத்தனை திட்டுத் திட்டியிருப்பேன்? எழுபது வளைவுலயும் திட்டினேன். நீங்க வண்டி ஓட்டிட்டுத்தானுங்களே இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"பச்சைப் புள்ளைக வந்து வாசல்ல நின்னு கேலி பேசுது. எங்கண்ணன் கடையில உக்காந்து சிரிக்கறான். அங்க நீங்களும் சிரிச்சீங்கன்னு சொன்னாங்க. சிரிச்சீங்களா?"

பொய் சொல்ல ஒரு நொடி இடம் இருந்தது. "சிரிச்சேன்" என்றார்.

"விடு புள்ள" என்று உள்ளேயிருந்து அர்த்தனாரி சொன்னார்.

"நீ சும்மா கெட. பணத்துக்கு முன்னால உண்மையைச் சொல்லிட்டாரு, செரி. பேனாக்காரருகிட்டச் சொன்னா எங்க ஊருக்கு யாரு சொல்லுவா?" ஆத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பணம் வந்தா வரட்டும், வராட்டிப் போகுது. எங்க ஊட்டுக்காரரு கிறுக்கனில்லைன்னு நீங்க போய்ச் சொல்லுங்க மேஸ்திரி. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

குழந்தைசாமி வண்டியைத் தாண்டி நடந்தார். சர்வேயரிடம் பத்து நிமிஷம் இருக்கச் சொன்னார். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், நடுவில் ராசப்பன். ராசப்பனைத் தவிர அத்தனை பேருடைய வீட்டுக்கும் ஒரு நாள் கூரை போட வேண்டும். அதில் மூன்று பேர் அட்வான்ஸ் கொடுப்பதாக வாய்விட்டுச் சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் ஒரு நொடி அவர் மனசில் ஓடத்தான் செய்தது.

"வாங்க மேஸ்திரி. என்னங்க சொல்றாரு சர்வேயரு? எங்க மாப்ள மேல என்ன பாத்தாருன்னு எழுதிக்கிட்டாரா?" என்றார் ராசப்பன். சிரிப்பு எழுந்தது.

"அர்த்தனாரி தானா ஏறலைங்க" என்றார் குழந்தைசாமி. "நான் கூப்பிட்டேன். எனக்காகத்தான் அவரு அப்படிச் சொன்னாரு. நீங்க சிரிச்சப்ப நானும் கூட உக்காந்து சிரிச்சேன்."

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. ராசப்பன் கையிலிருந்த டம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். தங்கை வீட்டுப் பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து அவர் பின்னால் போனார்கள். எல்லாரும் போன பிறகு குழந்தைசாமியும் அர்த்தனாரி வீட்டுக்கே போனார்.